ரீடைரக்‌ஷன் பிளகின்: மசாலா பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு வேலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வெப் டெவலப்பர்களுக்கான விமர்சனம் இல்லை. நான் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்ப்பவள். சிங்கப்பூரின் தேக்காவில் சித்தப்பாவுக்கு ஒரு மசாலாக் கடை. குடும்பத்தில் ஒருமுறை “அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்” என்று பெயர் வாங்கிவிட்டால் அதிலிருந்து மீள முடியாது. கடையின் இணையத்தளம் பல வருடங்களாக என் பொறுப்பு.

அந்தத் தளத்தைப் பழைய விண்டோஸ் சர்வரிலிருந்து வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளுக்கு மாற்றினோம். டொமைன் அதே டாட் எஸ்ஜி தான். ஆனால் உள்ளே இருந்த பக்கங்களின் முகவரி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதிய பக்கத்துக்கு அனுப்பிவைக்க நான் பயன்படுத்துவது ‘ரீடைரக்‌ஷன்’ என்ற பிளகின், அதாவது வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள். ஜான் காட்லி என்பவர் எழுதியது. முழுக்க இலவசம், 2 மில்லியனுக்கும் மேற்பட்ட தளங்களில் ஓடுகிறது. இதைப் பற்றி ஆங்கிலத்தில் ஏராளமாக எழுதிவிட்டார்கள். தமிழில் பக்கங்கள் வைத்திருப்பவர்களுக்கு வரும் தலைவலியைப் பற்றி யாரும் எழுதியதாக என் கண்ணில் படவில்லை, அதனால்தான் நான் எழுதுகிறேன்.

எங்கள் சிக்கல் பாக்கெட்டில் இருந்தது. ஒவ்வொரு மசாலா பாக்கெட்டின் பின்புறமும் ஒரு க்யூஆர் கோட் அச்சடித்திருக்கும். மீன் குழம்பு மசாலா வாங்கினால் அதை ஸ்கேன் செய்து சமையல் குறிப்பைப் பார்க்கலாம். கோட்டுக்குள் இருப்பது “ரெசிப்பி.ஏஎஸ்பி?ஐடி=47” என்கிற மாதிரி ஒரு பழைய முகவரி. கவரை மொத்தமாக அச்சடித்து ஸ்டோரில் அடுக்கி வைத்திருக்கிறார் சித்தப்பா. போதாததற்கு ஈசூனிலும் ஜூரோங்கிலும், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூரிலும், யார் யாரோ வீட்டு அலமாரியில் அந்தப் பாக்கெட்டுகள் இருக்கின்றன. அச்சடித்ததை அழிக்க முடியாது. பக்கம் மாறிய பிறகு முகவரிகளைக் குறைந்தது 1 வருடமாவது திருப்பிவிடுங்கள் என்று கூகுள் சொல்கிறது. எங்களுக்கு 1 வருடம் போதாது, கடை இருக்கும்வரை திருப்பிவிட வேண்டும்.

பழைய தளத்தை அமைத்துக் கொடுத்த கம்பெனி இப்போது இல்லை, பெயரும் வேண்டாம். அவர்கள் செய்திருந்த ஏற்பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே ஏற்பாடு இன்னும் பல கடைகளின் தளங்களில் இருக்கிறது. இல்லாத பக்கத்தை யாராவது கேட்டால், சர்வர் முதலில் 302, அதாவது ‘தற்காலிகமாக வேறிடத்தில் இருக்கிறது’ என்று சொல்லி ஒரு ‘மன்னிக்கவும்’ பக்கத்துக்கு அனுப்பும். அந்தப் பக்கமோ 200, அதாவது ‘எல்லாம் சரி’ என்ற குறியோடு திறக்கும். பார்க்கிற மனிதருக்கு மன்னிப்பு, கூகுளுக்கு ‘இப்படி ஒரு பக்கம் இருக்கிறது’ என்ற தகவல். ‘அப்படி ஒரு பக்கம் இல்லை’ என்று சொல்லும் 404 என்ற எண் ஓரிடத்திலும் வெளியே போகவில்லை. கூகுள் இதை ‘சாஃப்ட் 404’ என்று பெயரிட்டுத் தனியாகப் பட்டியல் போடுகிறது. தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் எங்கள் பட்டியல் பக்கம் பக்கமாக நீண்டது.

பிளகினை நிறுவுவது சுலபம், அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டூல்ஸ் மெனுவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. முதல்முறை திறக்கும்போது சில கேள்விகள் கேட்கும்: பக்கத்தின் முகவரியை மாற்றினால் நானாகவே ரூல் (எந்த முகவரியை எங்கே திருப்புவது என்ற விதி) போட்டுக்கொள்ளட்டுமா, 404களைப் பதிவு செய்யட்டுமா, வருபவர்களின் ஐபி முகவரியைச் சேமிக்கட்டுமா. முதல் இரண்டுக்கும் தயங்காமல் சரி சொல்லுங்கள். மூன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பழைய முகவரிகளின் பட்டியலைத் திரட்டுவதுதான் உண்மையான உழைப்பு, அதைப் பிளகின் செய்து தராது. சர்ச் கன்சோலிலிருந்து கொஞ்சம் கிடைத்தது. இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் டொமைன் பெயரைக் கொடுத்தால் அது எப்போதோ எடுத்து வைத்த பக்கங்களின் முகவரிகளை எல்லாம் காட்டும், அதில் நிறைய கிடைத்தது. நம் தேசிய நூலக வாரியம் நடத்தும் வெப் ஆர்க்கைவ் சிங்கப்பூரையும் பாருங்கள். 2018இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து டாட் எஸ்ஜி தளங்களை அவர்கள் தனியாக அனுமதி கேட்காமலேயே சேகரிக்க முடிகிறது. மிச்சத்துக்குப் பேக்கிங் அண்ணன் ஸ்டோரிலிருந்து ஒவ்வொரு வகைப் பாக்கெட்டாகக் கொண்டுவந்து மேசையில் பரப்ப, நான் போனை வைத்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன். “ஏம்மா, இதெல்லாம் நம்ம கடைச் சாமான்தானே, ஆஃபிசர் மாதிரி செக் பண்றியே” என்றார்.

பட்டியலை சிஎஸ்வி கோப்பாகச் செய்து ஏற்றிவிடலாம். ஒரு பத்தியில் பழைய முகவரி, அடுத்ததில் புதியது. கணக்குக்காரிக்கு இது பிடித்த வேலை.

இனி கேள்விக்குறி. “ரெசிப்பி.ஏஎஸ்பி?ஐடி=47” என்ற முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வருவதுதான் எந்தக் குறிப்பு என்று சொல்கிறது. பிளகினின் இயல்பான அமைப்பில், அந்தப் பகுதி அச்சுப் பிசகாமல் பொருந்தினால்தான் ரூல் வேலை செய்யும். வரிசை மாறினால் பரவாயில்லை, கூடுதலாக ஒன்று ஒட்டிக்கொண்டால் பொருந்தாது. கூடுதலாக ஒட்டுவது யார் என்றால் ஃபேஸ்புக். 2018 முதல், அங்கே பகிரும் வெளித்தள லிங்குகளின் வாலில் ‘எஃப்பிகிளிட்’ என்று நீளமாக ஒன்றைச் சேர்த்து அனுப்புகிறது. நம் ஊர் சமையல் குழுக்களில் யாராவது பழைய லிங்கைப் பகிர்ந்தால் ரூல் பொருந்தாமல் 404 தான். மருந்து ஆப்ஷன்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது: ‘இக்னோர்’ என்று ஒரு தேர்வு. ரூலில் நீங்கள் எழுதியதை மட்டும் பார்த்துக்கொண்டு, வேறு எது ஒட்டி வந்தாலும் கண்டுகொள்ளாது. தளம் முழுவதற்கும் அதையே வைத்துவிட்டேன்.

அதன் பக்கத்திலேயே எழுத்தின் அளவைக் கண்டுகொள்ளாதே என்றும், கடைசிச் சாய்கோட்டைக் கண்டுகொள்ளாதே என்றும் இரண்டு பெட்டிகள் உண்டு. விண்டோஸ் சர்வருக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான், லினக்ஸுக்கு வேறு வேறு. பழைய கவர் ஒன்றில் முகவரியின் முதல் எழுத்து பெரியதாக இருந்தது, அடுத்த அச்சில் சிறியது. இரண்டு பெட்டியையும் டிக் செய்தால் இந்தக் கவலை தீர்ந்தது.

ரெஜெக்ஸ், அதாவது பல முகவரிகளுக்குப் பொதுவான வடிவத்தைக் குறிக்கும் சூத்திரம், எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரே ரூலில் ஒரு குடும்பம் முழுவதையும் திருப்பிவிடும் வசதி இருக்கிறது. எச்சரிக்கை ஒன்று: ‘சமையல்’ என்று தொடங்கும் எல்லாவற்றையும் ‘சமையல்-குறிப்பு’க்கு அனுப்பு என்று அலட்சியமாக எழுதினால், புதிய முகவரியும் அதே வார்த்தையில்தானே தொடங்குகிறது, பிரவுசர் வட்டமடித்துக்கொண்டே இருந்து கடைசியில் கைவிரித்துவிடும். முடிவு எங்கே என்பதை டாலர் குறி போட்டுச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, சோதிக்கும்போது 302 போட்டுச் சோதியுங்கள். 301 என்பது ‘நிரந்தரமாக மாறிவிட்டது’ என்ற வாக்குறுதி, பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் ரூலைத் திருத்தினாலும் உங்கள் போன் பழைய இடத்துக்கே போய் நிற்கும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு 301க்கு மாற்றினால் போதும்.

இவ்வளவும் வேறு பிளகின்களிலும் உண்டு. ரேங்க் மாத்தின் இலவசப் பதிப்பிலேயே ரீடைரக்‌ஷனும் 404 கண்காணிப்பும் வருகின்றன. யோஸ்ட்டில் பணம் கட்டிய பதிப்பில் வருகிறது. நான் இதிலேயே நிற்பதற்குக் காரணம் 404 லாக், அதாவது இல்லாத பக்கங்களைக் கேட்டு வந்தவர்களின் பதிவேடு.

அந்தப் பக்கத்தைத் திறந்தால் யார், எப்போது, எந்த முகவரியைக் கேட்டு ஏமாந்தார்கள் என்று வரிசையாக இருக்கும். வரிக்கு மேல் மவுஸை வைத்தால் அங்கிருந்தே ரூல் போடலாம். ‘முகவரிவாரியாகத் தொகு’ என்று கொடுத்தால் அதிகம் பேர் ஏமாந்த முகவரி மேலே வந்து நிற்கும். காலையில் கோப்பியோடு இதைப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. சித்தப்பாவுக்குக் கல்லாவில் எவ்வளவு சேர்ந்தது என்று தெரியும், வந்து வெறுங்கையோடு போனவர் எத்தனை பேர் என்று தெரியாது. இந்த லாக் சொல்லும்.

முதலில் பார்க்கும்போது பயந்துவிடாதீர்கள். பாதிக்கு மேல் மனிதர்களே இல்லை. எங்கேயோ இருக்கும் ரோபோக்கள் உங்கள் தளத்தில் இல்லாத கோப்புகளையும், பாஸ்வேர்ட் கிடைக்கக்கூடிய இடங்களையும் வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஐபோன்கள் முகப்புப் படத்துக்காக ‘ஆப்பிள் டச் ஐகான்’ என்ற ஒன்றைக் கேட்கும். இவற்றுக்கெல்லாம் ரூல் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். 404 சரியான பதில்தான், போகட்டும் விடுங்கள். கண்ணை உறுத்தினால் அந்த முகவரிகளை லாக்கில் சேர்க்காதே என்று சொல்லும் வசதியும் இருக்கிறது.

மனிதர்களை அடையாளம் காண்பது எளிது. பாக்கெட்டை ஸ்கேன் செய்பவர் எந்தத் தளத்திலிருந்தும் வருவதில்லை, அதனால் ‘எங்கிருந்து வந்தார்’ என்ற கட்டம் காலியாக இருக்கும், சாதனம் ஒரு போனாக இருக்கும். கேட்ட முகவரி நம் சமையல் குறிப்பைப் போல இருக்கும். அப்படி வடிகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கொத்தமல்லி மாட்டியது.

கொத்தமல்லித் துவையல் என்று ஒரு பக்கம் எங்களிடம் இருக்கிறது, முகவரியும் தமிழிலேயே. நான் தட்டினால் திறக்கிறது. லாக்கிலோ அதே ‘கொத்தமல்லி-துவையல்’ 404 என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஓர் எழுத்து வித்தியாசம் கிடையாது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில், தமிழ் ‘கொ’வை இரண்டு வழியில் எழுதலாம். ‘க’ போட்டு, ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடுவது ஒன்று. ‘க’ போட்டு, ஒற்றைக் கொம்பு தனியாக, கால் தனியாகப் போடுவது இன்னொன்று. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பைட்டுகள், ஆகவே வேறு வேறு முகவரி. பழைய கம்பெனியில் யாரோ ஏதோ ஒரு பழைய கீபோர்டில் தட்டியது கொம்பும் காலுமாகப் பிரிந்து கிடந்தது. அந்த லிங்க்தான் வெளியே பரவியிருந்தது.

கோ, கௌ, சொதி, தொக்கு, பொடி, போண்டா எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. மசாலாக் கடையில் ‘பொடி’ இல்லாத பக்கம் ஏது? ‘ஸ்ரீ’யும் அப்படித்தான், ‘ஸ்’ வைத்தும் எழுதலாம், ‘ஶ்’ வைத்தும் எழுதலாம், பல எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியாது. கடைப் பெயரில் ஸ்ரீ இருப்பவர்கள் சிராங்கூன் சாலையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

பிளகின் இந்த இரண்டையும் ஒன்றாக்கித் தருவதில்லை. ஆனால் லாக்கில் விழுந்த முகவரியை அப்படியே எடுத்து ரூலாக்கும்போது, எந்த உருவத்தில் வந்ததோ அந்த உருவத்திலேயே பதிந்துகொள்கிறது. கையால் தட்டினால் என் கீபோர்டு என் உருவத்தைத்தான் தரும், ரூல் போட்டும் பயனில்லாமல் போகும். ஆகவே தமிழ் முகவரிக்கு ரூல் போடுபவர்களுக்கு நான் சொல்வது: தட்டாதீர்கள், லாக்கிலிருந்து எடுங்கள்.

தமிழ் முகவரிகளில் இன்னொரு குழியும் இருக்கிறது. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிக்கு 200 இடம் ஒதுக்கியிருக்கிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் போதும். தமிழில் ஒவ்வொரு குறியும் யூனிகோடில் 3 பைட், சேமிக்கும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 இடம், ஆக ஒரு குறிக்கு 9 இடம். குறி என்றால் முழு எழுத்து என்று நினைக்காதீர்கள். புள்ளி தனி, கால் தனி, கொம்பு தனி. கணக்குப் போட்டால் 22 குறிதான் தேறும். ‘செட்டிநாட்டு நண்டு மசாலா’ என்று எழுதுங்கள்: 22 குறி, இடையில் 2 கோடு, சரியாக 200. அதற்கு மேல் ‘செய்முறை’ என்று தலைப்பில் இருந்தால் அது முகவரியில் வராது. சரி, ‘செட்டிநாட்டு நண்டு மசாலா வறுவல்’ என்று இரண்டாவதாக ஒரு பக்கம் போட்டால்? அதுவும் அதே 200இல் வெட்டுப்பட்டு முதலாவதோடு மோதும். வேர்ட்பிரஸ் வாலில் ‘-2’ சேர்க்கப் பார்க்கும், இடம் இல்லாததால் கடைசிக் காலை வெட்டிவிட்டுச் சேர்க்கும். ‘செட்டிநாட்டு-நண்டு-மசால-2’ என்று ஒரு முகவரி பிறக்கும். எங்கள் தளத்தில் பிறந்தது.

இந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சில நேரம் தமிழாகவே தெரிகிறது, சில நேரம் சதவீதக் குறிகளாக நாலைந்து வரிக்கு ஓடுகிறது. லாக்கில் ‘மீன’ என்று மட்டும் கேட்டு வந்தவர்களும் உண்டு. ஏதோ ஒரு செயலி ‘மீன்’ என்பதில் புள்ளிக்கு முன்பே லிங்க் முடிந்துவிட்டதாக நினைத்து வெட்டியிருக்கிறது. இதில் வேடிக்கை, வேர்ட்பிரஸ் தானாகவே ஒரு யூகம் செய்யும். இல்லாத முகவரி வந்தால், அதே தொடக்கமுள்ள ஏதாவது பக்கம் இருக்கிறதா என்று தேடி அங்கே அனுப்பிவிடும். மீன் குழம்பு கேட்டு வந்தவருக்கு மீன் வறுவல் கிடைக்கும். பசியோடு வந்தவர் பெரிதுபடுத்த மாட்டார் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த வருகை 404 லாக்கில் விழாது என்பதையும் நினைவில் வையுங்கள். வேண்டாமென்றால் அந்த யூகத்தை நிறுத்த வேர்ட்பிரஸ் 5.5இலிருந்து வழி உண்டு.

இதையெல்லாம் பார்த்த பிறகு முகவரிகளை ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடலாம் என்றேன். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“கோவிந்தசாமி சார் அவ்வளவு கஷ்டப்பட்டு இண்டர்நெட்ல தமிழ ஏத்துனாரு, நம்ம ஊர்க்காரரு. நீ இருக்கிற தமிழ எடுக்கிறேங்கிற.”

நா. கோவிந்தசாமியைத்தான் சொன்னார். 1990களில் இணையத்தில் தமிழைக் கொண்டுவர உழைத்தவர், கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். அவர் பெயரை எடுத்தால் இங்கே யாரும் எதிர்த்துப் பேச முடியாது. போதாததற்கு, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் டொமைன் 2011 முதல் நம் நாட்டுக்கு இருக்கிறதாமே, அதை வாங்கினால் என்ன என்றும் கேட்டார்.

“பக்கம் முழுக்கத் தமிழ்தான் சித்தப்பா, தலைப்பும் தமிழ்தான். கதவு நம்பர் மட்டும் சின்னதா இருக்கட்டும்.”

“சரி லா, செய். ஆனா பழைய தமிழ் லிங்க் ஒண்ணும் சாகக் கூடாது.”

சாகவில்லை. முகவரியை மாற்றும்போது பிளகின் தானாகவே பழையதிலிருந்து புதியதுக்கு ரூல் போட்டுக்கொண்டது. நியாயமாகச் சொன்னால், வேர்ட்பிரஸும் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும், ஆனால் ‘போஸ்ட்’ வகைக்குத்தான். ‘பேஜ்’ வகையில் போட்டிருந்தால் மறந்துவிடும். எங்கள் குறிப்புகளில் பாதி பேஜ். அந்த இடத்தில் பிளகின் கைகொடுத்தது. ஆங்கில எழுத்துக்கு வந்ததும் ‘குழம்பு’வின் ழகரத்தை ஆளுக்கொரு விதமாகத் தட்டுகிறார்கள் என்பது லாக்கில் தெரிந்தது. இசட்-எச் போடுபவர், எல் போடுபவர் இருவரையும் ஒரே ரெஜெக்ஸில் சேர்த்துவிட்டேன்.

புதிய கவர்களுக்கு வேறு ஏற்பாடு. க்யூஆர் கோட்டுக்குள் இனி பக்கத்தின் முகவரியே போகாது, ‘க்யூ/47’ என்பது போல ஒரு சின்ன எண் மட்டும். அந்த எண் எங்கே போக வேண்டும் என்பதை ரூலில் 302 ஆக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ரூலுக்கும் எத்தனை முறை பயன்பட்டது, கடைசியாக எப்போது என்று பட்டியலிலேயே எண்ணிக்கை தெரியும். எந்த மசாலா வாங்குபவர்கள் குறிப்பைப் பார்க்கிறார்கள், யார் பார்ப்பதே இல்லை என்று சித்தப்பாவிடம் காட்டினேன். சாம்பார்ப் பொடி வாங்குபவர் யாரும் குறிப்பைப் பார்ப்பதில்லை. “அதுக்கு எதுக்குமா குறிப்பு?” என்றார், நியாயம்தான்.

எல்லாவற்றையும் எங்கேயாவது திருப்பிவிட வேண்டும் என்ற ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். இல்லாத முகவரிகள் அத்தனையையும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பும் பிளகின்கள் இருக்கின்றன, சில கடைகளில் போட்டும் வைத்திருக்கிறார்கள். கூகுள் அதையும் சாஃப்ட் 404 என்றுதான் எடுத்துக்கொள்ளும். கூகுளை விடுங்கள், இரால் தொக்கு தேடி வந்த ஆன்ட்டி முகப்பில் தீபாவளித் தள்ளுபடி விளம்பரத்தைப் பார்த்து என்ன செய்வார்? நாங்கள் நிறுத்திவிட்ட சரக்குகளுக்கு 410 வைத்திருக்கிறேன், ‘இருந்தது, இப்போது இல்லை’ என்று பொருள். பிளகினில் ‘எரர்’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் 410 கிடைக்கும். நெருக்கமான மாற்றுப் பக்கம் இருந்தால் மட்டும் 301.

404 பக்கத்தை அழகுபடுத்த இந்தப் பிளகின் உதவாது, அது தீமின், அதாவது தளத்தின் தோற்றத்தை அமைக்கும் பகுதியின் வேலை. எங்கள் பக்கத்தில் ஒரு வரி தமிழ், ஒரு வரி ஆங்கிலம், தேடும் பெட்டி, கடையின் வாட்ஸ்அப் எண். ‘எந்த மசாலா என்று அனுப்புங்கள், குறிப்பை அனுப்புகிறோம்’ என்று எழுதியிருக்கிறது. பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள், பேக்கிங் அண்ணன் குரல் பதிவாகவே செய்முறை சொல்லி அனுப்புகிறார். அந்தக் குரல் பதிவுகள் தளத்தில் இருக்கும் குறிப்பைவிட நன்றாக இருக்கின்றன.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு திருப்பலுக்கும் வேர்ட்பிரஸ் விழித்தெழ வேண்டும், பிஎச்பியும் டேட்டாபேஸும் வேலை செய்ய வேண்டும். எங்களைப் போன்ற சின்னக் கடைக்கு அது தெரியாது. ஆயிரக்கணக்கில் ரூல் இருந்தால், நல்ல கூட்டமும் இருந்தால், சர்வர் அளவிலேயே செய்வது மேல். பிளகினே ரூல்களை அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளுக்கான கோப்பில் எழுதித் தரும், என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளுக்கும் ஏற்றுமதி செய்யும், ஆனால் அப்படிப் போன பிறகு எண்ணிக்கையும் லாக்கும் கிடைக்காது. சர்வரில் நிஜமாகவே கிடக்கும் படத்தையும் பிடிஎஃப்பையும் சர்வர் நேராக எடுத்துக் கொடுத்துவிடும், வேர்ட்பிரஸ் வரைக்கும் விஷயம் வராது. அதனால் பழைய பிடிஎஃப்பைத் திருப்பிவிட ரூல் போட்டால் மட்டும் போதாது, கோப்பையும் நீக்க வேண்டும். லாக் டேட்டாபேஸில்தான் சேர்கிறது, எப்போதும் வைத்திரு என்று கொடுத்தால் வீங்கிக்கொண்டே போகும். ஒரு வாரம் என்பது இயல்பான அமைப்பு, எனக்கு ஒரு மாதம் வசதி.

ஐபி முகவரிக் கேள்விக்கு வருகிறேன். முழுதாகச் சேமிக்கலாம், கடைசிப் பகுதியை மறைத்துச் சேமிக்கலாம், சேமிக்காமலே விடலாம். நம்மிடம் 2012இன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, தேவையில்லாத தகவலைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பானேன்? மறைத்துச் சேமித்தாலே மனிதரையும் ரோபோவையும் பிரித்துப் பார்க்கப் போதும்.

அமைப்புப் பக்கத்தின் மொழி இன்னொரு குறை. ‘பாஸ்-த்ரூ’, ‘கேனானிகல்’ என்று வந்தால் சித்தப்பா மாதிரி ஒருவர் அங்கேயே மூடிவிடுவார். யாராவது ஒருவர் உட்கார்ந்து ஆரம்பத்தில் அமைத்துக் கொடுக்க வேண்டும். பிறகு லாக்கிலிருந்து ரூல் போடுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம், பேக்கிங் அண்ணன் கற்றுக்கொண்டார்.

வேர்ட்பிரஸ் இல்லாதவர்களுக்கு இந்தப் பிளகின் ஆகாது. விண்டோஸ் சர்வரில் இருப்பவர்கள் மைக்ரோசாஃப்ட்டின் யூஆர்எல் ரீரைட் மாட்யூலைக் கேளுங்கள், அதுவும் இலவசம்தான், ரூல்கள் வெப்.கான்ஃபிக் கோப்பில் போகும். அப்பாச்சியில் இதே வேலைக்கு மாட் ரீரைட் 1996இலிருந்து இருக்கிறது. அங்கே 404 பக்கத்தைக் குறிக்கும் வரியில் எச்டிடிபியோடு முழு முகவரியைக் கொடுத்தால் சர்வர் 404 சொல்லாமல் 302 சொல்லிவிடும், சாய்கோட்டில் தொடங்கும் உள்முகவரியை மட்டும் கொடுக்க வேண்டும். எந்தச் சர்வராக இருந்தாலும் சோதனை ஒன்றுதான்: பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் கடை முகவரிக்குப் பின்னால் வாயில் வந்த எதையாவது தட்டுங்கள். முதல் வரியில் 404 வர வேண்டும். 302ஓ 200ஓ வந்தால் தளம் செய்து கொடுத்தவருக்குப் போன் போடுங்கள்.